அவையறிதல்: மாத்தளைத் தோட்டப்புறங்களிற் சொற்பொழிவு

திருவள்ளுவர் பொருட்பாலிலே பேச்சினைக் குறித்து மூன்று அதிகாரங்கள் வகுத்தனர். சொல்வன்மை 65ஆம் அதிகாரம், அவையறிதல் 72ஆவது, அவையஞ்சாமை 73ஆவது. இவற்றுள் முதலாவதும் இறுதியானதும் தமிழ்ப் பேச்சாளரிடத்து எக்காலத்துங் குறைவுற்றதில்லை. நடுநின்ற அவையறிதலே அரிதாயிற்று. தம் முன்னிருப்போர் யாவர், அவர் முன்னரே அறிந்தது யாது, அறிய விழைவது யாது என்று உசாவாமலே மேடையேறுதல் தமிழுலகெங்கும் உள்ள வழக்கந்தான். ஆயினும் அதன் பயனின்மை மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புறங்களிலே வெளிப்படுவதுபோலப் பிறவிடங்களில் எளிதில் வெளிப்படுவதன்று.

இம்மாவட்டத்துத் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த சிறு நகரங்களிலும் பொதுமக்கள் தாமே நடத்தும் சங்கங்கள் பல உள்ளன. அறநெறிப் பாடசாலை, வாசிகசாலை, மாதர் சங்கம், இளைஞர் மன்றம், கோயிற் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம் என அவை பெயர் பெறும். இவை பெருநிதி படைத்தவையல்ல. உறுப்பினரின் மாதச் சந்தாவிலும் ஊரார் உபகாரத்திலும் இயங்குவன. ஆண்டிற்கு ஒரு முறையோ இருமுறையோ, பொங்கலன்றோ வாணி விழாவிலோ, கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஓர் அறிஞரை அழைக்கின்றன. நான்கு மணிக்கெனக் குறித்த கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்கும். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்தபின் அறிஞர் எழுந்து சங்ககாலத் திணைநெறியையோ கம்பனின் உவமை நயத்தையோ முக்கால் மணி நேரம் விரித்துரைப்பார். பொன்னாடை போர்த்தப்படும். அவர் வந்த வாகனம் விரைந்து திரும்பவேண்டியிருத்தலின் வினா எழுப்ப எவருக்கும் அவகாசமிராது. எஞ்சுவது நன்றியுரை மட்டுமே. பேசியவர் கற்றவர், பொருள் உயர்ந்தது, கேட்டவர் பொறுமையுடையவர். எனினும் மறுநாட் காலை பெரட்டுக் களத்திலே அப்பேச்சின் ஒரு சொல்லேனும் நினைவு கூரப்படுமா என்பது ஐயமே.

குறை பொருளில் அன்று. குறிஞ்சித் திணையை மலையில் வாழ்வோர்க்கு எடுத்துரைத்தல் தகாததன்று. கம்பன் தோட்டத்தார்க்கு அந்நியனுமல்லன். இராமகாதையும் பாரதமும் கற்றோர் வருகைக்கு நெடுங்காலம் முன்னரே அங்குக் குடியேறியவை. குறை யாதெனின், பேசுவோர் தம்மை மழையெனவும் கேட்போரைக் காய்ந்த நிலமெனவும் கருதும் கருத்தே. அந்நிலத்தில் ஏற்கெனவே விளைந்துநிற்பது அவர் கண்ணிற் படுவதில்லை.

மாத்தளைக்குப் பெரியோர் வருகை புதிதன்று. 1897ஆம் ஆண்டு சனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் இறங்கி, புகைவண்டியிற் கண்டி சென்று, அங்கு வரவேற்புப் பத்திரம் ஏற்று, அன்று மாலையே மாத்தளையை அடைந்து இரவு தங்கினார். மறுநாட் காலை குதிரை வண்டியிற் புறப்பட்டுத் தம்புள்ளை, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணஞ் சென்றார். தம்புள்ளையைக் கடந்தபின் வண்டிச் சக்கரம் முறிந்து மணிக்கணக்கில் வழியில் நிற்க நேர்ந்ததும் அவர் வரலாற்றிற் குறிக்கப்பட்டுள்ளது. இலங்கையில் அவர் ஆற்றிய உரைகளில் நூலேறிப் புகழ்பெற்றவை கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஆற்றியவை. மாத்தளை அவருக்கு வழித்தங்கலாயிற்று. ஆயின் அவர் வண்டி ஓடிய அந்தச் சாலை எளியதொன்றன்று. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளர் காடும் காய்ச்சலும் கடந்து கால்நடையாக மலைநாடு ஏறிய வட பாதையின் தென்பகுதியே அது. அவர்கள் வந்த திசைக்கு எதிர்த்திசையில் துறவியின் வண்டி சென்றது. வழிநெடுக மடிந்தோரைப்பற்றிச் சொல்லக்கூடிய முதியோர் அக்காலத்தில் மாத்தளைத் தோட்டங்களில் உயிரோடிருந்திருப்பர். அவரிடம் கேட்டு எழுதிவைத்தவர் அருகினர்.

மகாத்மா காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது மாத்தளையிலும் பேசினார். கதர் நிதிக்குப் பொருள் திரட்டுதல் அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. தோட்டத் தொழிலாளர் கூடிய இடங்களில் மதுவிலக்கையும் தூய வாழ்வையும் வலியுறுத்தினார். அவர் உடன்வந்த மகாதேவ தேசாய் எழுதிய பயண நூல் மறு ஆண்டில் வெளியாயிற்று. காந்தியடிகளின் பேச்சில் அலங்காரமில்லை. எதிரிலிருப்பவர் நிலையை நோக்கிப் பேசும் இயல்புண்டு. எனினும் அதுவும் ஒருநாள் வருகையே. பெரியோரின் ஒருநாள் வருகை காட்சியாக நிலைக்கும். கல்வியாக நிலைப்பதற்கு வேறொன்று வேண்டும்.

அவ்வேறொன்றை மலையகத்திற் செய்து காட்டியவர் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் ஆவர். தஞ்சையைச் சேர்ந்த நடேசய்யர் துரைமாரின் தடையைக் கடந்து தோட்டங்களுக்குட் புகுவதற்குப் புடைவை வியாபாரியாக வேடமிட்டமை பலரும் அறிந்த செய்தி. இதிலே வியக்கத்தக்கது அவர் துணிவு மட்டுமன்று. பேசுமுன் பார்க்க விரும்பினார் என்பதே. லயத்துக் காம்பராவினுள் எத்தனை பேர் உறங்குகின்றனர், பெரிய கங்காணியின் கணக்கேட்டில் கடன் எவ்வாறு ஏறுகின்றது, துண்டு முறை என்றால் என்ன என்பனவற்றைக் கண்டறிந்தபின்னரே அவர் பத்திரிகையும் மேடையும் தொழிலாளரை நோக்கித் திரும்பின. மீனாட்சியம்மையோ கூட்டத்தின் தொடக்கத்திற் பாடுவார். பாரதியார் பாடல்களின் மெட்டிலே தோட்டத்தார் துயரை அமைத்துப் பாடிய அவருடைய பாட்டுக்கள் 1940இற் சிறு நூலாகவும் அச்சாயின. பாட்டுக் கேட்டுக் கூட்டஞ் சேர்ந்தது. சேர்ந்தபின் பேச்சு நிகழ்ந்தது. இலக்கியத்தை அலங்காரமாக வைக்காமல் அவையைக் கூட்டும் கருவியாகவும் சிந்தையைத் திறக்கும் திறவுகோலாகவும் பயன்படுத்திய முறை இது. இக்காலத்து விழாக் குழுவினர் தமிழ்த்தாய் வாழ்த்தோடு பாட்டை நிறுத்திவிடுதல் இரங்கத்தக்கது.

பிற நாட்டு அநுபவமும் ஈண்டு நோக்கற்பாலது. அமெரிக்க நாட்டில் 1965ஆம் ஆண்டு மனிதப் பண்பியற் கல்விக்கெனத் தேசிய நிதியம் சட்டமூலம் நிறுவப்பட்டது. பின்னர் மாநிலந்தோறும் எழுந்த மன்றங்கள் அறிஞர் பட்டியல் வகுத்து, நூலகங்களும் ஊர்ச் சங்கங்களும் வேண்டும் பேச்சாளரை அனுப்பிவைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டன. பட்டியல் வகுப்பது எளிது. இங்கும் ஒரு வாரத்தில் வகுத்துவிடலாம். இங்கிலாந்திலே அதற்கு நூறாண்டு முன்னர் நிகழ்ந்ததே படிப்பினை மிக்கது. கேம்பிரிட்சைச் சேர்ந்த யேம்சு இசுற்றுவேட்டு என்பார் 1867இல் வட நகரங்களிலே பெண்களுக்கும், பின்னர் தொழிலாளருக்கும் விரிவுரையாற்றச் சென்றார். ரொச்டேல் நகரக் கூட்டுறவுச் சங்கத்தில் வானியல் பேசியபோது, அடுத்த வாரத்திற்கும் உதவுமென்று சுவரிற் தூக்கிய படங்களை அவ்விடத்தே விட்டுச் சென்றாராம். உறுப்பினர் இடையில் அப்படங்களை நோக்கித் தம்முள் வாதித்து, அடுத்த முறை அவரைச் சற்று முன்னதாக வரும்படியும் தாம் கேட்பதற்கு வினாக்கள் உள்ளனவென்றும் சொல்லியனுப்பினர். விரிவுரை வகுப்பாக மாறிய கதை இதுவே. சுவரில் விட்டுவந்த படம் செய்த வேலையைச் சொற்பெருக்குச் செய்யவில்லை.

1903இல் அல்பேட்டு மன்சுபிரிட்சு தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1908இல் அச்சங்கத்தின் சார்பிலே ஆர். எச். ரோணி அதே ரொச்டேலிலும் மட்பாண்டத் தொழில் மிக்க லோங்டனிலும் பொருளாதார வரலாற்று வகுப்பு நடத்தினார். ஒரு மணி விரிவுரை, ஒரு மணி கலந்துரையாடல், எழுதித் தரும் கட்டுரை, மூன்றாண்டுத் தொடர்ச்சி என்பன அம்முறை. பதினாறாம் நூற்றாண்டு உழவர் சிக்கலைப்பற்றி 1912இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், வகுப்பிலிருந்த நெசவாளரும் குயவரும் சுரங்கத் தொழிலாளருமான தம் மாணாக்கருக்குத் தாம் பட்ட கடனை ரோணி வெளிப்படக் கூறினார். ஆசிரியர் கற்றதைக் கூறும் இத்தகைய முன்னுரையொன்று மாத்தளைத் தோட்டச் சங்கத்திற்கு நன்றி கூறி எழுதப்படும் நாள் வருமாயின், அப்பொழுதே அவையறிதல் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.

பேராதனை மாத்தளையிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவே. இலங்கைப் பல்கலைக்கழகம் அங்கு 1952இற் குடிபெயர்ந்தது. கலைப்பீடத்தார் மலையகத்தை நாடாமற் போயினர் என்று ஒரேயடியாகக் கூறுதல் நீதியாகாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்து, மாணவர்க்குக் கூத்துப் பயிற்றுவித்து, 1964இல் இராவணேசனை மேடையேற்றியமை தமிழ் நாடக வரலாற்றிற் பெருநிகழ்ச்சி. அங்கே கற்றோர் அவை கல்லாதோரென எண்ணப்பட்டவரிடம் மாணாக்கராயிற்று. ஆயின் மட்டக்களப்பிற் காணப்பட்ட செல்வம் பல்கலைக்கழகத்தின் பின்மலைச் சரிவிலே தப்பு முழங்க ஆடப்பட்ட காமன் கூத்திற் காணப்படுவதற்கு மேலும் காலம் பிடித்தது. மாசி மாதத்திலே கம்பம் நட்டு, மன்மதனும் இரதியும் மணம்புரிந்து, சிவன் நெற்றிக்கண்ணால் மதனை எரித்து, இரதி புலம்பி, மீண்டும் உயிர்ப்பிக்கும் அக்கூத்திலே தோட்டம் முழுவதும் பங்குகொள்ளும். வேடங்கள் நேர்த்திக்கடனாக ஏற்கப்படுவதும் உண்டு. சிவபுராணக் கதையைப் பேச வரும் அறிஞர், அக்கதையைத் தன் உடம்பிலே தரித்து விடியுமளவும் ஆடிய ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக்கூடுமென்று நினைப்பாராயின் தம் முதல் வாக்கியத்தையே மாற்றிக்கொள்வார்.

இனி, மாத்தளையிற் பேசுதற்குரிய பொருள்கள் மாத்தளையிலேயே குவிந்துகிடக்கின்றன. நகருக்கு வடக்கே ஓரிரு மைலில் அலுவிகாரை உளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சத்தாலும் போராலும் வாய்மொழி மரபு அழிந்துவிடுமோ என்றஞ்சிய பிக்குகள் திரிபிடகத்தை முதன்முதல் ஏட்டில் எழுதியது அவ்விடத்தே என்பது மரபு. நெஞ்சில் வைத்திருந்தோர் இறந்துபடுமுன் எழுதிவிடவேண்டும் என்ற அச்சம் அந்தக் குகைகளுக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்து மூதாட்டி ஒருத்தியின் ஒப்பாரியும் தாலாட்டும் அவளோடு புதைக்கப்படும்போது நேர்வதும் அதே இழப்பு. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கியமையால் ஒரு பகுதி தப்பியது. அவர் மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்தவர், 1947இற் பாராளுமன்றஞ் சென்றவர். ஆங்கிலத்திலே கவிதை புனையவல்ல அவர் லயத்து வாசலில் அமர்ந்து பாட்டுக் கேட்டார். நகர மத்தியில் முத்துமாரியம்மன் கோயில் 108 அடி இராசகோபுரத்தோடும் மாசி மகத்து ஐந்து தேர்களோடும் பொலிகின்றது. கொள்ளைநோய் தொடர்ந்த வழிப்பயணத்தின் முடிவிலே மாரியை வணங்கிய மக்களின் நினைவு அக்கோபுரத்தின் அடியிலே உறைகின்றது. 1848இற் புதிய வரிகளை எதிர்த்துப் பூரன் அப்புவும் கொங்காலகொட பண்டாவும் எழுந்ததும் இம்மாத்தளையிலேதான். கோப்பித் தோட்டங்களுக்கு நிலமளித்த அதே ஆட்சியின் கொள்கைகள் சிங்களக் குடியானவனை ஒரு புறமும் தமிழ்த் தொழிலாளியை மறுபுறமும் எங்ஙனம் நெருக்கின என்பதை ஒருவர் எளிய தமிழில் எடுத்துரைப்பாராயின், அதைக் கேட்கத் தோட்டமும் வரும், கிராமமும் வரும்.

இத்தகைய பேச்சிற்கு வழிகாட்டிய பெருமுயற்சியொன்று 2023இல் நிகழ்ந்தது. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவை முன்னிட்டுச் சிவில் அமைப்புக்கள் பல ஒன்றுகூடி, யூலை 28ஆந் திகதி தலைமன்னாரிற் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் நிறைவுறும் நடைபயணமொன்றை நடத்தின. ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வழி அது. முன்னோர் நடந்த திசையிலே பின்னோர் நடந்தனர். சிங்களவரும் முஸ்லிம்களும் வழியில் வரவேற்றனர், உடன் நடந்தாரும் உளர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் தங்கள் வரலாறும் உழைப்பும் ஏற்கப்படவேண்டும் என்பது முதன்மையானது. நிலமும் கூலியும் வீடும் வேண்டி நின்ற மக்கள் வரலாற்றை முன்னே வைத்தமை கருதத்தக்கது. மனிதப் பண்பியற் கல்வி வயிறு நிறைந்தோர்க்குரியது என்பாருக்கு இதனினும் நேரிய மறுப்பு வேறில்லை. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் இரு அரசுகளால் தலை எண்ணிப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றோர் என்ற பெயரைச் சுமந்த ஒரு சமூகத்திற்குத் தன் வரலாறு பொழுதுபோக்கன்று. தான் இவ்விடத்துக்குரியவர் என்று காட்டும் உறுதிப்பத்திரம்.

நடைபயணம் பெரும் புகழுக்குரியது. ஆயினும் அதைச் சூழ்ந்து நிகழ்ந்த விழா ஆண்டிலே, ஆராய்ச்சி சொல்லவேண்டிய இடத்தில் ஆர்ப்பரிப்பு நின்றமையும் மறைத்தற்குரியதன்று. 200 என்னும் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 1823 என்பது கம்பளைப் பகுதியில் யோர்ச் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டத்தோடு சார்த்திக் கூறப்படும் ஆண்டு. கோப்பிப் பயிர் மலைநாட்டிற் பெருகியதும் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்ததும் 1830களின் இறுதிக்குப் பின்னரே. ஆகவே 1823 ஒரு நினைவுக் கல். தொடக்கத்தைச் சுட்டுவது, பெருக்கத்தைக் கூறுவதன்று. இவ்வேறுபாட்டை மேடையிற் சொல்வதால் எவர் பெருமையும் குன்றாது. வட பாதையில் மடிந்தோர் தொகையும் அத்தகையதே. அக்காலப் பத்திரிகையாளர் கூறிய கணக்கும் அதிகாரிகள் கூறிய கணக்கும் ஒன்றோடொன்று ஒவ்வா. ஒவ்வாத இரண்டையும் அவையின் முன் வைத்து, ஏன் ஒவ்வவில்லை, எவர் எதற்காக எண்ணினர் என்று கேட்கச் செய்தலே வரலாற்றாசிரியன் கடமை. கேட்போர் படிப்பறிவு குறைந்தவர், அவர்க்கு ஓர் எண் போதும் என்று கருதுதல் அவமதிப்பு. கொழுந்து நிறுக்குமிடத்தில் தராசுக்காரன் கழிக்கும் ஒவ்வொரு கிலோவையும் நாடோறும் ஐயுற்று நோக்கும் பெண்ணுக்கு, கணக்கு என்பது எழுதுவோன் கையைப் பொறுத்ததென்பதை எவருங் கற்பிக்க வேண்டியதில்லை.

தோட்டத்தின் உள்ளிருந்தே எழுந்த அறிஞரும் எழுத்தாளரும் உளர் என்பதை அழைப்போர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். சாரல்நாடன் தேயிலைத் தொழிற்சாலையிற் பணிபுரிந்துகொண்டே நடேசய்யர் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரின் சிறுகதைகள் ‘தோட்டக் காட்டினிலே’ என்னும் தொகுப்பாக வந்தன. மாத்தளை மண்ணே அதன் நிலைக்களம். மு. நித்தியானந்தன் ‘கூலித்தமிழ்’ என்ற நூலிலே (2014) ஆபிரகாம் ஜோசப் 1869இல் வெளியிட்ட ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ முதலிய அரிய ஏடுகளை வெளிக்கொணர்ந்தார். துரைமார் பக்கம் நின்று கோப்பிச் செய்கையைப் புகழும் அக்கும்மியை ஒரு மாதர் சங்கத்திற் படித்து, கும்மியடிக்கத் தெரிந்த பெண்களையே அதற்குத் திறனாய்வு கூறவிட்டாற் பெறப்படும் கருத்துரைகள் பல்கலைக்கழகக் கருத்தரங்கொன்றிற்குங் கிட்டா. கண்டியில் 1972இல் அருட்டந்தை போல் கஸ்பர்ஸ் நிறுவிய சத்தியோதயம், சிங்களவரையும் தோட்டத் தமிழரையும் ஒரே அறையில் இருத்திப் பேசவைத்தது. பேச்சாளர் வருமுன் அவையை உருவாக்கும் பணி அது. ஆரவாரமற்றதாகலின் அதற்குரிய புகழ் அதற்குக் கிடைக்கவில்லை.

மொழிபற்றியும் ஒன்று கூறவேண்டும். மாத்தளை மாவட்டம் சிங்களவர் பெரும்பான்மையர் வாழ்வது. உக்குவளை போன்ற ஊர்களில் முஸ்லிம்களும் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். தோட்டத்து இளைஞர் பலர் இருமொழியும் பேசுவர். தமிழ் அறிஞர் பேச்சைச் சிங்களத்திற் பெயர்த்துரைக்கும் ஆற்றல் சங்கச் செயலாளரிடமே இருப்பதுண்டு. அவரோ நாற்காலி ஒழுங்கு செய்யவும் தேநீர் வழங்கவும் ஏவப்படுகின்றார். அவரைப் பேச்சாளர் அருகில் இருத்தி மொழிபெயர்க்கச் செய்தால், அலுவிகாரையைப்பற்றிய உரைக்கு அயற்கிராமத்தாரும் வந்திருப்பர்.

கூட்டம் நடக்கும் நேரமோ எவரும் ஆராயாத பொருள். மாலை நான்கு மணிக்குக் கொழுந்து நிறுவை முடிந்திராது. நிறுவை முடிந்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையை அழைத்துக்கொண்டு, லயத்தையடைந்து அடுப்பு மூட்டும் பெண்ணே தோட்டத்துத் தொழிலாளரிற் பெரும்பான்மையள்; பாட்டும் கதையும் பெரிதும் அவளிடமே உள்ளன. அவள் வரக்கூடிய நாள் ஞாயிறு. அன்றும் துணி துவைத்தல், விறகு சேர்த்தல் முடிந்த பிற்பகலே. பேச்சாளருக்கோ ஞாயிற்றுப் பிற்பகல் திரும்பும் நேரம். முதல்நாளே வந்து ஓர் இரவு தோட்டத்திற் தங்க இசையும் அறிஞரை மட்டும் அழைப்பதென்று ஒரு சங்கம் விதி வகுக்குமாயின், வருவோர் தொகை பாதியாகக் குறையும். குறைந்தபின் வருபவர், சனி இரவு லயத்து வாசலிற் கேட்டதை வைத்துக்கொண்டு ஞாயிறன்று பேசத் தொடங்குவார்.